தொழுநோய்க்கு அப்ப ஏன் ஊருக்கு வெளிய தனி ஆஸ்பத்திரி, இப்ப ஏன் பிஹெச்சில மாத்திரை?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். அப்பாவுக்கு 58 வயசு, முதுகுலயும் இடது கையிலயும் தேமல் மாதிரி இருந்துச்சு, மெடிக்கல் காலேஜ் தோல் டாக்டர் பார்த்துட்டு தொழுநோய்னு சொல்லி, மாத்திரைய உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே (பிஹெச்சி) வாங்கிக்க சொல்லிட்டார். தாத்தா காலத்துல இதுக்குன்னு ஊருக்கு வெளிய தனி ஆஸ்பத்திரி இருந்துச்சே, இப்ப சளி காய்ச்சல்காரங்களோட ஒரே வரிசைல நிக்க சொல்றாங்களே, இது அலட்சியமா, தனி ஆஸ்பத்திரி எங்கயாவது இருந்தா கூட்டிட்டு போயிடலாமான்னு கேட்டிருக்கீங்க. கடைசில ஒரு வரி, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கோம்னு. எனக்கு என்னமோ அந்த கடைசி வரிதான் உங்க கேள்வியே, மேல எழுதினதெல்லாம் அதுக்கு முன்னுரைன்னு தோணுது. அந்த ஆஸ்பத்திரியோட மதில் சுவர் நோய்க்காக கட்டினதா இல்ல நம்ம ஜனங்களுக்காக கட்டினதா, அத இப்ப எடுத்துட்டா உங்க குடும்பத்துக்கு நல்லதா கெட்டதா, இதத்தான் நீங்க கேக்கறீங்கன்னு எடுத்துக்கிட்டு சொல்றேன்.

நான் டாக்டர் இல்லங்க. 1986ல லெப்ரசி இன்ஸ்பெக்டரா வேலைக்கு சேர்ந்தவன், வட மாவட்டத்துல சைக்கிள்ல ஊர் ஊரா போய் தேமல் பார்த்து, மாத்திரை குடுத்து, புண்ணு கட்டி, பிற்பாடு துறை மாறினப்புறம் ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவன். அதனால மருந்து அளவு, ஸ்டீராய்டு எப்ப ஆரம்பிக்கணும்கற மாதிரி விஷயமெல்லாம் உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும். இந்த நோய்க்கான வைத்தியம் எப்படி ஏற்பாடு பண்ணப்பட்டுச்சு, அது ஏன் அப்படி இருந்துச்சு, இது நான் உள்ள இருந்து பார்த்தது, அத தைரியமா சொல்லலாம்.

முதல்ல சந்தேகமே இல்லாம தெரிஞ்சத சொல்லிடறேன், ஏன்னா இன்னிக்கு ராத்திரி உங்களுக்கு தூக்கம் வரணும். இது ஒரு பாக்டீரியாவால வர்ற நோய், 1873ல நார்வேல ஹான்சன்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சார், பரம்பரை இல்ல, பாவம் இல்ல, ரத்தக்கேடு இல்ல, யாரும் வச்ச சூனியம் இல்ல. நூறு பேர்ல ஏறக்குறைய 95 பேர் உடம்புக்கு இத எதிர்க்கற சக்தி பிறவிலயே இருக்கு, கிருமி உள்ள போனாலும் ஒண்ணும் ஆகாது. மருந்து மூணு கூட்டு, ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன். ரிஃபாம்பிசின் முதல் வேளை போட்டதுமே உடம்புல இருக்கற உயிருள்ள கிருமில பெரும்பகுதி செத்துப்போயிடும், அதாவது உங்க அப்பா முதல் அட்டை மாத்திரைய ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அவரால யாருக்கும் பரவாது. நோயோட வகைய பொறுத்து 6 மாசம் இல்ல 12 மாசம் மருந்து, இலவசம். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை எதுவும் வேணாம். இதுல எதுவுமே என் அபிப்பிராயம் இல்ல, எந்த தோல் டாக்டர கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

அப்ப இவ்வளவு சுலபமா குணமாகற நோய்க்கு ஏன் ஊருக்கு வெளிய ஆஸ்பத்திரி? மருந்து வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆஸ்பத்திரி வந்துடுச்சு, அதான் காரணம். நம்மகிட்ட அப்ப இருந்தது நீரடிமுத்து எண்ணெய், சித்த வைத்தியர்களும் குடுத்தாங்க, இங்கிலீஷ் டாக்டர்களும் அதையே ஊசில ஏத்தி போட்டாங்க, வலி உயிர் போகும்னு பழைய நோயாளிங்க என்கிட்ட தழும்ப காட்டி சொல்லிருக்காங்க, பலன் அரைகுறை. 1890ல லண்டன்ல இருந்து ஒரு கமிஷன் வந்து இந்தியா முழுக்க சுத்தி, இது தொத்தற ஆபத்து ரொம்ப கம்மி, எல்லாரையும் புடிச்சு அடைக்க வேண்டியதில்லைன்னு அறிக்கை குடுத்துச்சு. இத நல்லா கவனிங்க, மருத்துவம் அன்னிக்கே சொல்லிடுச்சு. ஆனா 1898ல சட்டம் வந்துச்சு, யாருக்காகன்னு பார்த்தீங்கன்னா பிச்சை எடுக்கற, பிழைக்க வழியில்லாத தொழுநோயாளிக்காக, போலீஸ் வாரண்ட் இல்லாம புடிச்சு இல்லத்துல அடைக்கலாம்னு. வீட்டுல வசதியா இருந்த நோயாளிய புடிச்சு அடைக்க அது சொல்லவே இல்ல. கிருமிக்கு பணக்காரன் ஏழை தெரியாது, சட்டத்துக்கு தெரிஞ்சிருக்கு. அப்ப அந்த சட்டம் எத மறைக்கறதுக்கு? நோயையா, இல்ல தெருவுல பார்க்க சகிக்காத ஏழைய கண்ணுல படாம வைக்கறதுக்கா? அந்த சட்டத்த முழுசா நீக்கினது 2016ல.

அதே சமயம் அந்த தனி ஆஸ்பத்திரிகள நான் ஒரு நாளும் கேவலமா பேச மாட்டேன். மானாமதுரை தயாபுரம், கும்பகோணத்து பக்கம் சாக்கோட்டை, செங்கல்பட்டு பக்கத்துல திருமணி, வேலூர் பக்கத்துல கரிகிரி, இதெல்லாம் இல்லன்னா ஆயிரக்கணக்கான பேர் ரோட்டோரத்துலயே செத்திருப்பாங்க. வீட்டுல தொரத்துவாங்க, பொது ஆஸ்பத்திரில படுக்கை தர மாட்டாங்க, வேற போக்கிடமே இல்ல. ஊரே கைவிட்ட இடத்துலதான் பெரிய வைத்தியமும் நடந்துச்சு. இந்த நோய்க்கு முதல் உருப்படியான மருந்துன்னு சொல்ற சல்ஃபோன் வகை 1941ல அமெரிக்காவுல கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரில ஆரம்பிச்சுது, 1940கள் நடுவுல செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் சானடோரியத்துல (நோயாளிங்க தங்கி வைத்தியம் பார்த்துக்கற இடம்) டாக்டர் ராபர்ட் காக்ரேன் அதோட மூலப்பொருளான டாப்சோனையே நோயாளிகளுக்கு குடுத்து பார்த்தவர். அந்த சானடோரியத்தத்தான் 1955ல மத்திய அரசு எடுத்து பயிற்சி, ஆராய்ச்சி நிலையமா ஆக்கிச்சு.

வேலூர்ல பால் பிராண்ட்னு ஒரு ஆபரேஷன் டாக்டர் செஞ்சது இன்னும் பெருசு, என் வேலைல தினம் அவர நினைச்சுப்பேன். நம்ம ஜனங்க எல்லாரும், டாக்டர்களும்தான், இந்த நோய் விரல அரிச்சு தின்னுடும், சதை அழுகி உதிரும்னு நம்பிட்டு இருந்தாங்க. அவர் நோயாளிகளோட உக்காந்து ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்துச்சுன்னு கேட்டு கேட்டு பார்த்து, விரல் தானா உதிரல, நரம்பு மரத்துப்போனதால சூடு தெரியாம சுட்டுக்கறாங்க, முள்ளு குத்தினது தெரியாம நடக்கறாங்க, அந்த புண்ணு சீழ் வச்சு எலும்பு வரைக்கும் போகுது, அதான் விரல் கரையுதுன்னு காட்டினார். மடங்கிப்போன விரல தசைநார் மாத்தி வச்சு நிமித்த முடியும்னும் 1940கள் கடைசில செஞ்சு காட்டினார். அவர்கிட்ட கத்துக்கிட்ட மேரி வர்கீஸ் அம்மா 1954ல விபத்துல இடுப்புக்கு கீழ செயலிழந்து, சக்கர நாற்காலில உக்காந்துக்கிட்டே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. மிருதுவான ரப்பர் வச்ச எம்சிஆர் செருப்பு எங்க மாவட்டத்துக்கு வந்தப்ப ஒரு பெரியவர் அத தலைமாட்டுல வச்சுக்கிட்டு தூங்கினார், எவனாவது தூக்கிட்டு போயிடுவான்னு.

ஒரு பக்கம் அறிவெல்லாம் மதில் சுவருக்குள்ள சேர்ந்துச்சு, இன்னொரு பக்கம் வெளிய இருந்த டாக்டர்களுக்கு இந்த நோய் தெரியாமலே போச்சு. இதுதாங்க நான் முக்கியமா சொல்ல வர்றது. ஒரு நோய்க்குன்னு தனி இடம், தனி ஆள், தனி கார்டு, தனி ஜீப்புன்னு வச்சா அந்த நோய் பார்க்கறவன் கெட்டிக்காரன் ஆவான், ஆனா அந்த ஏற்பாடே ஊருக்கு தினம் ஒரு சேதி சொல்லிட்டே இருக்கும், இது வேற மாதிரி நோய், இவங்க வேற மாதிரி மனுஷங்கன்னு. எங்க ஜீப்புல "தொழுநோய்"னு பெரிய எழுத்துல எழுதிருக்கும். அது ஒரு வீட்டு வாசல்ல பத்து நிமிஷம் நின்னா போதும், அந்த வீட்டுப் பொண்ணுக்கு வரன் நின்னு போகும். அதனால நாங்க ஜீப்ப ஊர் எல்லைல நிறுத்திட்டு நடந்து போவோம். கிளினிக் நாள் அன்னிக்கு நோயாளிங்க சொந்த ஊர் கிளினிக்குக்கு வர மாட்டாங்க, மூணு பஸ் மாறி அடுத்த தாலூகாவுக்கு போவாங்க, பொய்ப் பேர், பொய் விலாசம் குடுப்பாங்க. அப்புறம் அவங்க மாத்திரைய விட்டுட்டா எந்த வீட்டுல போய் தேடறது?

வேலைக்கு வர்ற ஆளையும் அது தீர்மானிச்சுது. எம்பிபிஎஸ் முடிச்ச டாக்டர்ங்க லெப்ரசி போஸ்டிங்னா மாத்தி வாங்கிட்டு போக பார்ப்பாங்க, அதனால இந்த தேசிய திட்டம் முழுக்க எங்கள மாதிரி டாக்டர் அல்லாத பயிற்சி ஆளுங்க தோள்லதான் ஓடிச்சு. நானே பொண்ணு பார்க்க போனப்ப "ஹெல்த் டிபார்ட்மெண்ட்"னு மட்டும்தான் சொன்னேன், கல்யாணமாகி ரெண்டு மாசம் கழிச்சுதான் மாமனாருக்கு என்ன வேலைன்னு தெரியும். அன்னிக்கு அத சொல்ல நான் பயந்தது இன்னிக்கும் எனக்கு வருத்தம். பயிற்சி எடுத்து, இது சுலபமா தொத்தாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த எனக்கே அந்த பயம் இருந்துச்சுன்னா, உங்க வீட்டுல இப்ப என்ன நடக்கும்னு எனக்கு புரியுதுங்க.

இன்னொண்ணு, யாரும் அதிகமா பேசறதில்ல. தேமல் பார்க்கணும்னா நல்ல வெளிச்சத்துல முழு உடம்பும் பார்க்கணும், முதுகு, இடுப்பு, தொடை எல்லாம். சர்வே போற ஆளுங்கள்ல பாதிக்கு மேல ஆம்பளைங்க. கிராமத்துல ஒரு பொம்பளை எங்கிட்ட முதுக காட்டுவாங்களா? முகம், கை, முழங்கால் வரைக்கும்தான் பார்ப்போம், "வேற எங்கயாவது இருக்கா"ன்னு கேட்டா இல்லம்பாங்க, எழுதிட்டு வந்துடுவோம். அப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சு விரல் மடங்கினப்புறம் அதே அம்மா வருவாங்க. ஒரு டீச்சரம்மா, தொடைல இருந்த தேமல ஏழு வருஷம் புருஷனுக்கு கூட சொல்லாம இருந்தாங்க, தெரிஞ்சா விட்டுட்டு போயிடுவாருன்னு. அந்த பயமும் பொய்யில்ல, தொழுநோய்னா விவாகரத்து கேக்கலாம்னு இந்து திருமணச் சட்டத்துலயே இருந்துச்சு, 2019ல திருத்தம் கொண்டு வந்துதான் அத எடுத்தாங்க. கூட்டு மருந்து 1980கள்லயே வந்துடுச்சு, சட்டம் மாற அதுக்கு மேல 30 வருஷத்துக்கும் அதிகமா ஆச்சு. அதுக்கு நடுவுல 2008ல, ஒடிசா நகராட்சி தேர்தல்ல ஜெயிச்சவர் தொழுநோயாளின்னு பதவி போன வழக்குல, அந்த தடை செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. படிச்சவங்களுக்கே அந்த நிலைமைன்னா ஊர்ப் பெரியவங்கள மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்.

மருந்து எப்படி எல்லாத்தையும் மாத்திச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். டாப்சோன் மாத்திரை விலை மலிவு, வீட்டுல இருந்தே சாப்பிடலாம், அப்பவே அடைச்சு வைக்கற அவசியம் போச்சு. மரத்தடி கிளினிக் எல்லாம் அப்பதான் வந்துச்சு. இதே கதைதான் டிபிக்கும், சானடோரியத்துல படுத்து கிடக்கறதும் வீட்டுல இருந்து மருந்து சாப்பிடறதும் பலன்ல ஒண்ணுதான், வீட்டுல இருக்கறவங்களுக்கு கூடுதல் ஆபத்தும் இல்லன்னு 1950கள் கடைசில நம்ம மெட்ராஸ்ல செஞ்ச ஆராய்ச்சிதான் உலகத்துக்கே காட்டுச்சு. டிபி சானடோரியங்கள் மெல்ல சாதாரண ஆஸ்பத்திரியா மாறிச்சு. ஆனா தொழுநோய் இல்லங்கள் மாறல, ஏன்னா உள்ள இருந்தவங்களுக்கு திரும்பிப் போக வீடு இல்ல. குணமாகி, கார்டுல கையெழுத்து போட்டு அனுப்பி வச்சா ஒரு மாசத்துல திரும்பி வந்து கேட்டுல நிப்பாங்க. டாப்சோன் மட்டும் தனியா குடுத்ததுல கிருமி அதுக்கு பழகிடுச்சு, அதனால 1981ல உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிபாரிசு பண்ணுச்சு, 1983ல இங்க தேசிய திட்டத்துக்கு ஒழிப்பு திட்டம்னு பேர் மாறி அந்த கூட்டு மருந்து மாவட்டம் மாவட்டமா வந்துச்சு. நான் சேர்ந்த முதல் சில வருஷத்துல ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியிருந்த ஜனங்க கணக்குல இருந்து வரிசையா "குணம்"னு எழுதி விடுபட்டத கண்ணால பார்த்தவன் நான், அந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

அந்த மருந்துலயும் ஒரு சமூகப் பிரச்சினை இருக்கு, உங்க அப்பாவுக்கு இது வரும், முன்னாடியே சொல்லிடறேன். குளோஃபாசிமின் சாப்பிட்டா தோல் கறுக்கும், தேமல் இருக்கற இடம் இன்னும் அதிகமா கறுக்கும், உடம்பு வறண்டு போகும். ரிஃபாம்பிசின் போட்ட அன்னிக்கு சிறுநீர் செவப்பா போகும். ரெண்டுமே பயப்பட வேண்டாம், மருந்து நிறுத்தினதும் நிறம் சில மாசத்துல மெல்ல திரும்பும். ஆனா ஊர்ல "ஏன் இப்படி கறுத்துட்டே"ன்னு ஒருத்தர் கேட்டா போதும், மாத்திரைய தூக்கி போட்டவங்க எத்தனையோ பேர். ஒரு நெசவாளி தம்பி ஒன்பதாவது அட்டைல நிறுத்திட்டார், அக்கா கல்யாணம் முடியட்டும்னு. அப்பாகிட்ட இத இப்பவே பேசி வைங்க, யாராவது கேட்டா என்ன சொல்லணும்னு குடும்பமா முடிவு பண்ணி வைங்க.

இப்ப உங்க நேர் கேள்வி. தமிழ்நாட்டுல 1997ல தொழுநோய் சேவைய பொது சுகாதாரத்தோட சேர்த்துட்டாங்க, எங்கள ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆக்கினாங்க, மருந்து பிஹெச்சிக்கு வந்துச்சு. இது அலட்சியம் இல்ல, நல்ல முடிவு. யார் எதுக்கு வந்திருக்காங்கன்னே தெரியாத வரிசை அது, சுகர் மாத்திரைக்கு நிக்கறவரும் உங்க அப்பாவும் ஒண்ணுதான், தனி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாதான் எல்லாருக்கும் தெரியும். உங்க தங்கச்சி கல்யாணத்த நினைச்சு பயப்படறீங்கன்னா, நியாயமா அந்த பொது வரிசைதான் உங்களுக்கு பாதுகாப்பு.

ஆனா அந்த முடிவுக்கு ஒரு விலையும் குடுத்தோம்னு நான் நினைக்கறேன், இது என் அனுபவத்துல சொல்றது, எண்ணிக்கை வச்சு நிரூபிச்சது இல்ல, என் கூட வேலை பார்த்தவங்கள்லயே சிலர் ஒத்துக்க மாட்டாங்க. 2005 டிசம்பர்ல பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழ வந்துடுச்சுன்னு நாடு முழுக்கவும் அறிவிச்சாங்க. அதுக்கு அர்த்தம் பொது சுகாதாரப் பிரச்சினைங்கற அளவுக்கு இல்லைங்கறதுதான், நோயே இல்லைன்னு இல்ல. நாம தமிழ்ல எல்லாத்துக்கும் "ஒழிப்பு"ன்னே சொல்லிட்டோம், பெரியம்மைய ஒழிச்ச மாதிரி இதையும் ஒழிச்சாச்சுன்னு ஜனங்களும் நினைச்சாங்க, இளம் டாக்டர்களும் நினைச்சாங்க. இன்னிக்கும் இந்தியாவுல வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல புதுசா கண்டுபிடிக்கறாங்க, உலகத்து புது நோயாளிங்கள்ல பாதிக்கு மேல நம்ம நாட்டுலதான். தேமல்ல உணர்ச்சி இருக்கான்னு பஞ்ச வச்சு தொட்டு பார்க்கற பழக்கம் குறைஞ்சு போய், படைன்னு நினைச்சு களிம்பு எழுதி குடுத்து, களிம்ப மாத்தி மாத்தி குடுத்து ரெண்டு மூணு வருஷம் போனப்புறம் கண்டுபிடிக்கற கேஸ் நான் ரிடையர் ஆகறதுக்கு முன்னாடி நிறைய பார்த்தேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரில எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு பிரசவத்துக்கு போனப்ப, மருந்து முடிச்சு நாலு வருஷமான பழைய கார்ட பார்த்துட்டு வேற இடம் பாருங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. சுவர இடிச்சோம், சரி. சுவருக்குள்ள இருந்த அறிவ வெளிய இருக்கறவங்க கைல முழுசா குடுத்தோமா? இல்லைங்கறதுதான் என் வருத்தம்.

மருத்துவமே இன்னும் தீர்த்து வைக்காதது ஒண்ணு, இது சரியா எப்படி பரவுதுங்கறது. ரொம்ப நாள் மருந்தில்லாம இருக்கற நோயாளியோட மூக்கு, வாய் வழி சளித்துளில இருந்துன்னுதான் பெரும்பாலும் நம்பறாங்க, நூத்துக்கு நூறு நிரூபிக்கல. கிருமி போய் நோய் தெரிய சராசரி அஞ்சு வருஷம், சில பேருக்கு இருபது வருஷம் கூட ஆகும், அதனால அப்பாவுக்கு யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு தோண்டாதீங்க, கண்டுபிடிக்க முடியாது, வீட்டுல சண்டைதான் மிஞ்சும். இந்த வார்த்தைங்க கூட எவ்வளவு கெடுதல் பண்ணுதுன்னு பாருங்க, நிறம் மட்டும் போற வெண்புள்ளிக்கும் நம்ம ஆளுங்க வெண்குஷ்டம்னு பேர் வச்சு, எந்த சம்பந்தமும் இல்லாத பொண்ணுங்க வாழ்க்கைய எல்லாம் கெடுத்தோம். வீட்டுல அந்த குஷ்டம்ங்கற சொல்ல யாரும் சொல்லாம பார்த்துக்குங்க, முக்கியமா அப்பா காதுல விழற மாதிரி.

சரி, மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமான்னு நீங்க கேக்கல, ஆனா மனசுல இருக்கும். என் எண்ணம், பரம்பரை இல்லாத, மருந்து ஆரம்பிச்சதும் பரவாத அப்பாவோட வியாதி தங்கச்சியோட கல்யாணத்துல சொல்லியே ஆக வேண்டிய விஷயம் இல்ல. அப்பாவோட சுகர் பிரஷர் பத்தி எவ்வளவு சொல்வீங்களோ அவ்வளவுதான். நேரா கேட்டா பொய் சொல்லாதீங்க, டாக்டர்கிட்டயே கூட்டிட்டு போய் கேக்க வைங்க. அப்படி ரெண்டு கல்யாணம் என் முன்னாடி நடந்திருக்கு, ஒண்ணு நின்னும் போயிருக்கு, அதையும் மறைக்கல. தங்கச்சி, அம்மா, நீங்க எல்லாரும் ஒரு தடவ உடம்ப பார்த்துக்கறது அவசியம், தங்கச்சிக்கு லேடி டாக்டரா நர்ஸம்மாவா கேட்டு வாங்குங்க, வெக்கப்பட்டு பாதி காட்டிட்டு வந்துட வேண்டாம். நோய் இல்லன்னு பார்த்தப்புறம் வீட்டுல இருக்கறவங்களுக்கு ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை தடுப்பா குடுக்கற ஏற்பாடு இருக்கு, அதையும் கேளுங்க.

தனி ஆஸ்பத்திரிக்கு போக வேண்டிய நேரமும் உண்டு, அது வேற காரணத்துக்கு. மருந்து சாப்பிட்டுட்டு இருக்கும்போதோ முடிச்சப்புறமோ தேமல் திடீர்னு செவந்து வீங்கலாம், முழங்கை உள்பக்க நரம்பு வலிக்கலாம், சுண்டு விரல்ல பலம் குறையலாம், பாதம் தூக்க முடியாம தொங்கலாம், கண்ணு முழுசா மூட முடியாம போகலாம். ஜனங்க இத மருந்து ஒத்துக்கலன்னு நினைச்சு நிறுத்திடறாங்க. இது ரியாக்ஷன், உடம்பு செத்த கிருமியோட சண்டை போடறது, மாத்திரைய நிறுத்தாம அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும், ஸ்டீராய்டு சரியான நேரத்துல ஆரம்பிச்சா நரம்பு பிழைக்கும், மாசக்கணக்குல விட்டா விரல் மடங்கினது மடங்கினதுதான், அப்புறம் ஆபரேஷன்தான். இந்த மாதிரி சமயத்துலதான் கரிகிரி மாதிரி, திருமணி மாதிரி இடத்துல இருக்கற அனுபவம் தேவைப்படும், அங்க அனுப்ப சொல்லி நீங்களே கேக்கலாம்.

அப்பா என்ன வேலை பார்க்கறார்னு எழுதல. செங்கல் சூளைல வேலை பார்த்த ஒருத்தர் சூடு தெரியாம உள்ளங்கை வெந்துபோய் வந்தத பார்த்ததுல இருந்து எல்லார்கிட்டயும் நான் இத கேப்பேன். கைல மரத்துப்போன இடம் இருந்தா அடுப்பு, பீடி, சூடான டம்ளர் எல்லாத்துலயும் ஜாக்கிரதை, தினம் ராத்திரி உள்ளங்கையும் பாதமும் நீங்களோ அம்மாவோ பார்த்துடுங்க, வலிக்குதான்னு கேட்டு பிரயோஜனம் இல்ல, கண்ணால பார்க்கணும். நாளைக்கு பிஹெச்சிக்கு போகும்போது, முதல் அட்டை குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கை, ரெண்டு கால், ரெண்டு கண்ணு பலமும் உணர்ச்சியும் சோதிச்சு கார்டுல எழுத சொல்லுங்க. இன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதி வைக்கலன்னா ஆறு மாசம் கழிச்சு குறைஞ்சிருக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது. கூட்டமா இருக்கு, அடுத்த மாசம் பார்க்கலாம்னு சொன்னா ஓரமா உக்காந்து கூட்டம் குறைஞ்சதும் திரும்ப கேளுங்க, எழுதாம வந்துடாதீங்க.